அக்காவுக்கு போன் போட்டால் இரட்டைக் கறுப்பு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். விட்டால், நாளைக்கு யாராவது கேட்கும்போது ஆழ்மனம், அகதரிசனம் என்று அளக்க ஆரம்பித்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, தினமும் நடங்கள் என்றார் மருத்துவர். ஊருக்கு வெளியே ஒரு மலை இருக்கிறது. மலை சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காக அதன் உடம்பெல்லாம் தடங்கள் வெட்டிவைத்திருக்கிறார்கள். பாதி மலை ஏறி மூச்சு வாங்க நின்றேன். ஒரு தடம் தொடங்கும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, கனத்த மனிதர் ஒருவர் தலைக்கவசத்தோடு மண்ணில் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் அவர் மடியில் படுத்திருந்தது, முன்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே ஒரு பலகை, பலகையில் ஒரு பச்சை வட்டம். மனிதர் கழுத்தைத் திருப்பி அந்தப் பலகையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"பச்சையா? இதுவா பச்சை? மனசாட்சியத் தொட்டுச் சொல்லு, இது பச்சையா?"

பலகை வாயைத் திறக்கவில்லை.

பச்சை என்றால் யாரும் ஓட்டலாம். நீலம் என்றால் கொஞ்சம் கஷ்டம். கறுப்பு என்றால் ரொம்பக் கஷ்டம். இரட்டைக் கறுப்பு என்றால் வீட்டில் சொல்லிவிட்டு வரவேண்டும். இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. நான் ஓடிப்போய் அவரைத் தூக்கிவிட்டேன். (இல்லை, தூக்கிவிடவில்லை. மரத்துக்குப் பின்னால் நின்று சிரித்தேன். கதை சொல்கிறவன் நல்லவன் என்று தெரிந்தால் வாசகர் சுலபமாக நம்புவார் என்று அந்த வரியை எழுதினேன். எழுதியது எழுதியதாக இருக்கட்டும்.)

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு அரிப்பு ஆரம்பித்தது. பலகைக்கு யார் பச்சை அடித்தது? யாரோ ஒருவர் தூரிகையை எடுத்து, இது எளிது என்று முடிவு செய்திருக்கிறார். யாருக்கு எளிது என்று யாரை நினைத்துக்கொண்டு முடிவு செய்தார்? அவர் வீட்டில் யாரிடம் திட்டு வாங்குகிறார்?

2

தொடக்கங்கள் நிறைய எழுதிப் பார்த்தேன்.

"மலையின் நெற்றியில் பனி —" வேண்டாம். மலைக்கு நெற்றி வைத்தால் அடுத்த வரியில் மூக்கும் வைக்கத் தோன்றும்.

"ஒரு தடத்தின் தொழில்நுட்பக் கடினத்தை மதிப்பிடும்போது சரிவு, அகலம், தரையின் பிடிமானம், குறுக்கே வரும் தடைகளின் உயரம் ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு —" இது கட்டுரை. ஆனால் அத்தனையும் உண்மை, சைக்கிள் கடைக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொண்டது. பின்னால் தேவைப்படும், ஓரமாக வைக்கிறேன்.

"அவன் விழவில்லை." இது எனக்குப் பிடித்திருந்தது. மருந்துக்கடைக்காரருக்கும் பிடித்திருந்தது.*

* மருந்துக்கடைக்காரர் எங்கள் தெருமுனையில் இருப்பவர். நான் எழுதுவதை முதலில் படிப்பவர் அவர்தான். இலக்கியத்தோடு எந்த விரோதமும் சிநேகமும் இல்லாத மனிதர். அவருக்குப் புரிந்தால் ஊருக்குப் புரியும் என்பது என் கணக்கு. இருமல் மருந்து கொடுத்துக்கொண்டே படிப்பார். எங்காவது நிறுத்தி நெற்றியைச் சொறிந்தார் என்றால் அந்த வரியில் குழி இருக்கிறது என்று அர்த்தம்.

3

இனி கதை.

மலைத்தட அலுவலகம் அடிவாரத்தில் இருக்கிறது. ஒரே பெரிய அறை. சுவரில் மண் காய்ந்த டயர்கள், ஜன்னல் கம்பியில் வரிசையாகக் கையுறைகள், மூலையில் பச்சை, நீலம், கறுப்பு என்று பெயின்ட் டப்பாக்கள். டப்பாக்களுக்குப் பக்கத்து மேசைதான் நம் ஆளுடையது. அவர் பதவி 'தடத் தொழில்நுட்பக் கடின மதிப்பீட்டு அலுவலர்'. அதை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கே போய்விடுவார். நாம் தரக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

ஆரம்பத்தில் தரக்காரர் தன் கண்ணையும் காலையும் நம்பித்தான் தரம் போட்டார். அதில் அவருக்கு நிம்மதியே இல்லாமல் போயிற்று. வேகக்காரப் பையன்கள் வந்து, "இதுக்கா சார் கறுப்பு? கண்ணக் கட்டிட்டு ஓட்டுவோம்" என்பார்கள். அவர்கள் போனதும் கையில் கட்டுப் போட்ட ஒருவர் வந்து, "இதுக்கா நீலம்? கண்ணு தெரியுமா உங்களுக்கு?" என்பார். இரண்டு பேருக்கும் தரக்காரர் ஒரே பதிலைத்தான் சொல்லவேண்டியிருந்தது. விதி அப்படி. விதி சொல்வது இதுதான்: சராசரி ஆள் காலை ஊன்றாமல் ஓட்டக்கூடிய தடம் பச்சை.

அலுவலகத்துக்குப் புது மேலாளர் வந்தார். விதியில் ஒரு சொல் இருந்தால் அந்தப் பொருள் அலமாரியில் இருக்கவேண்டும் என்று நம்புகிற அம்மையார் அவர். முதல் நாளே தரக்காரரை அழைத்தார்.

"விதியில 'சராசரி ஆள்'னு போட்டிருக்கு. நம்மகிட்ட சராசரி ஆள் இருக்கா?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான் மேடம்."

"ஸ்டாக்ல இல்லாத பொருளை வச்சு இத்தனை நாளா எப்படி வேலை பாத்தீங்க?"

சராசரி ஆளுக்கு நேர்காணல் நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் தங்களிடம் ஏதோ தனித்திறமை இருப்பதாகச் சொல்லி, ஒவ்வொருவராகத் தோற்றுப் போனார்கள். சலிப்போடு வீட்டுக்கு வந்த தரக்காரரிடம் அவர் மனைவி சொன்னாள்: "என் தம்பி இருக்கானேங்க."

உண்மைதான். தம்பி வகுப்பில் நடு பெஞ்சு, தேர்வில் நடு மதிப்பெண், குரூப் போட்டோவில் நடு வரிசையில் நடுவில் நின்று கண்ணைப் பாதி மூடியிருப்பவன். மழை வந்தால் பாதி நனைந்து வருவான். போன வேலையிலெல்லாம் அவனை யாரும் திட்டவும் இல்லை, வேலையை விட்டபோது யாரும் கவனிக்கவும் இல்லை. அவனிடம் சொல்லும்படியாக ஒன்றே ஒன்று இருந்தது: எதுவானாலும் அக்காவைக் கூப்பிடுவான். பஸ்ஸைத் தவறவிட்டால் போன், சட்டைப் பொத்தான் அறுந்தால் போன், வெயில் அதிகமாக இருக்கிறது என்று தெரிவிக்க ஒரு போன்.

நேர்காணலில் மேலாளர், "உங்க பலம் என்ன?" என்று கேட்டார். அவன் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "பரவாயில்லை" என்றான். அன்றைக்கே நியமன உத்தரவு கிடைத்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்தார்கள். அதில் அவன் படம், படத்துக்குக் கீழே 'சராசரி'. அக்கா அந்த அட்டையைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கினாள். தம்பி எதற்குமே லாயக்கில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது. இப்போது அவன் எதற்கு லாயக்கு என்று ஓர் அலுவலகமே அச்சடித்துக் கொடுத்துவிட்டது.

4

(இந்தப் பகுதி கொஞ்சம் கல்லும் வேருமாக இருக்கும். சீட்டைத் தாழ்த்தி, உடம்பைத் தளர்த்திக்கொள்ளுங்கள்.)

வேலை இப்படி நடந்தது. புதுத்தடம் வெட்டி முடிந்ததும் சராசரி முன்னால் ஓட்டுவான், தரக்காரர் பின்னால் வருவார். அவன் எங்கும் காலை ஊன்றாமல் கீழே வந்துவிட்டால் பச்சை. ஊன்றினால் நீலம். இறங்கித் தள்ளினால் கறுப்பு. இறங்கி, சைக்கிளைப் போட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்து அக்காவுக்கு போன் போட்டால் இரட்டைக் கறுப்பு.

கடைசியில் சொன்னது விதியில் இல்லை. நடைமுறையில் தானாக உண்டானது. ஆனால் மலையில் அதைவிடத் துல்லியமான அளவு வேறு கிடையாது என்பதில் தரக்காரருக்குச் சந்தேகமே இல்லை. தடம் முழுக்க மெத்தை மாதிரி இருந்தாலும், ஒரே ஓர் இடத்தில் கல் துருத்திக்கொண்டிருந்தால், அந்தக் கல்லின் நிறம்தான் தடத்தின் நிறம். அந்தக் கல்லை மச்சினன் போனைக் கையில் எடுத்துக் கண்டுபிடித்துக் கொடுத்தான்.

"அக்கா, நான் ஒரு கல்லுகிட்ட நிக்கறேன்."

"அழறியாடா?"

"இல்லக்கா, மூக்கு ஒழுகுது."

"அங்கேயே நில்லு. அசையாத. அத்தான் எங்க?"

"பின்னாடி நின்னுட்டு கறுப்பு டப்பாவத் திறக்கறாரு."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கீழே வந்து சேரும்வரை போனை வைக்கமாட்டாள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளமாட்டார்கள். மாடியில் துணி காய்ந்துவிட்டதா, பக்கத்து வீட்டுப் பூனை வந்ததா, அவ்வளவுதான். அந்த அரைமணி நேரம் அவளுக்கு வாரத்தில் நல்ல நேரமாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. (கதாசிரியன் 'தோன்றுகிறது' என்று சொல்லலாமா? அவளைப் படைத்தவனே நான்தானே? சொல்லலாம். அவள் எல்லாவற்றையும் என்னிடம் சொல்வதில்லை.)

5

வருடங்கள் போயின. மலையில் முதலில் இரட்டைக் கறுப்பு குறைந்தது. பிறகு இல்லாமலே போயிற்று. பிறகு கறுப்புகள் மறைந்தன. பழைய தடங்களைத் திரும்ப மதிப்பிட்டபோது அவை ஒவ்வொன்றாக நீலமாகி, நீலங்கள் பச்சையாகின. டப்பாவில் கறுப்புப் பெயின்ட் கட்டிதட்டிப் போனது.

மேலாளர் மகிழ்ந்து போனார். மண்ணியல் நிபுணர் ஒருவரை வரவழைத்தார். அவர் சுத்தியலால் பாறைகளைத் தட்டிப் பார்த்தார், ஒரு பாறைமேல் காதை வைத்துக் கேட்டார். மலையில் பரவலாக இளகலுக்கான அறிகுறிகள் தென்படுகின்றன, காரணம் ஆராயப்படவேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். 'மலை மனிதருக்கு இணங்கிவருகிறது' என்று நுழைவாயிலில் ஒரு பதாகை கட்டினார்கள்.

பதாகைக்குக் கீழே இருந்த பெஞ்சில், பச்சைத் தடத்தில் விழுந்தவர்கள் முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பற்றியும் அலுவலகம் யோசிக்காமல் இல்லை. "ஜனங்களுக்கு முன்ன மாதிரி எலும்பு இல்ல" என்றார் மேலாளர். தரக்காரரும் தலையாட்டினார்.

நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வருடக்கணக்காகத் தினமும் மலையில் ஓட்டுகிறவன் ஓட்டக் கற்றுக்கொள்வான் என்பது ஒருத்தருக்குக்கூடவா உறைக்கவில்லை? உறைக்கவில்லை. கூடவே இருப்பவரின் தலையில் நரை விழுந்தது வெளியாள் சொன்னால்தானே நமக்குத் தெரிகிறது. போதாததற்கு அவன் கழுத்தில் அட்டை வேறு தொங்குகிறது. அட்டையில் 'சராசரி' என்று இருக்கும்போது ஓட்டுவது யாராக இருக்கமுடியும்?

6

ஒருநாள் மத்தியானம் தரக்காரர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவி எதிரே உட்கார்ந்து, சாப்பிடாமல் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பி இப்பல்லாம் எனக்குப் போனே பண்றதில்லைங்க."

"வேலை இருக்கும்."

"முன்னாடியும் அதே வேலைதானே? மலையில எங்கயாவது நின்னா உடனே எனக்குத்தான் அடிப்பான். இப்ப நின்னா யாருக்கு அடிக்கறான்? நாந்தான் வேண்டாதவளாயிட்டேனா?"

தரக்காரரின் மனத்தில் ஒரு பேரிடி இறங்கி — (இடி வேண்டாம். அவர் கையிலிருந்த அவித்த முட்டை தட்டில் விழுந்தது. நடந்தது அவ்வளவுதான்.)

முட்டை விழுந்த கணத்தில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மலை இளகவில்லை. மச்சினன் நிற்கவே இல்லை. அவன் நின்று வருடங்கள் ஆகின்றன. அவர் போட்ட பச்சைகள் எல்லாம் மலையைப் பற்றிய சேதி அல்ல, மச்சினனைப் பற்றிய சேதி. பெஞ்சில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த முழங்கைகள் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்தன.

மனைவி அதற்குள் அடுத்ததைச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை புதுத்தடம் திறக்கறீங்கல்ல? நானும் ஓட்டப்போறேன். மேலாளர் அம்மாகிட்ட சைக்கிளுக்குச் சொல்லிட்டேன்."

"நீயா? எதுக்கு?"

"என்னை மறக்கற அளவுக்கு அங்க என்னதான் இருக்குனு பாக்கணும்."

"அது... கொஞ்சம் கஷ்டமா இருக்கும்மா."

"பச்சைனு நீங்கதானே அடிச்சீங்க? அவன் விழாத இடத்துல நான் எப்படி விழுவேன்? அவனுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்ததே நாந்தான்."

இங்கே தரக்காரர் வாயைத் திறந்திருந்தால் கதை முடிந்திருக்கும். திறக்கமுடியவில்லை. அது பச்சை இல்லை என்றால், உன் தம்பி சராசரி இல்லை என்று சொல்லவேண்டும். சராசரி இல்லை என்றால் அட்டை போகும், அக்கா கண் கலங்கத் தொட்டுப் பார்த்த அட்டை. அதைவிடக் கொடுமை, உன் தம்பிக்கு இனி நீ தேவையில்லை என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அவள் எலும்பு. தரக்காரர் முட்டையை எடுத்துத் துடைத்துச் சாப்பிட்டார். என்ன சாப்பிட்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

7

அந்தப் புதுத்தடத்தில் ஓர் இடம் இருக்கிறது. ஓட்டுகிறவர்கள் அதைப் பல் என்பார்கள். முழங்கால் உயரத்துக்குப் பாறை ஒரு படியாக நிற்கும். இறங்கிய உடனே குறுக்கே ஒரு வேர். வேரைத் தாண்டியதும் இடப்பக்கம் வளைவு. வளைவுக்கு வெளியே பார்த்தால் மரங்களின் உச்சி தெரியும், அடி தெரியாது. அங்கே செய்யவேண்டியது இதுதான்: உடம்பைப் பின்னால் தள்ளி, முன்பிரேக்கை விட்டுவிடவேண்டும். பயந்தவர் கை முன்பிரேக்கைத்தான் இறுக்கிப் பிடிக்கும். பிடித்தால் சைக்கிள் நிற்கும், ஆள் நிற்கமாட்டார். (ஓரமாக வைத்த கட்டுரை இங்கே பயன்பட்டது.)

தரக்காரர் மேலாளரிடம் போனார்.

"மேடம், சராசரி இப்ப சராசரியா இல்ல."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ அவர் ஓட்டின பச்சை எல்லாம்?"

"பச்சை இல்ல."

"மலை இளகுதுனு அறிக்கை குடுத்தாச்சு. இப்ப திரும்ப இறுகிடுச்சுனு எழுதச் சொல்றீங்களா? மலைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தணித்தார். "இங்க பாருங்க. சராசரி ஆள் புதுத்தடத்துல சைக்கிள விட்டு இறங்கினா கறுப்பு. விதி அவ்வளவுதான். ஏன் இறங்கினார்னு விதி கேக்கல, நானும் கேக்கமாட்டேன்."

தரக்காரர் மச்சினனைத் தேடிப் போனார். அவன் பட்டறையில் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"மச்சான், புதுத்தடத்துல ஒருதடவை இறங்கித் தள்ளேன்."

"ஏன் அத்தான்?"

"சும்மாதான். அந்தப் பல்லுகிட்ட."

"எந்தப் பல்லு?"

"படி மாதிரி ஒரு பாறை இருக்கே, வளைவுக்கு முன்னாடி."

அவன் உண்மையாகவே யோசித்தான். "அங்க பாறை இருக்கா? நான் பாத்ததில்லையே."

"நீ அது மேலதான்டா வர்ற!"

"வழவழன்னு இருக்கும் அத்தான் அந்த இடம். நல்லா இருக்கும்." பிறகு அவன் முகம் மாறியது. "கஷ்டமா இல்லாத இடத்துல கஷ்டம்னு இறங்கச் சொல்றீங்களா? நான் சராசரி அத்தான். என்னை நம்பித்தான் ஜனங்க மலைக்கு வர்றாங்க. எனக்குனு ஒரு நேர்மை இருக்கு."

தரக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார். எனக்கும் அப்படி உட்காரவேண்டும் போல இருந்தது. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

8

யோசித்துப் பார்த்த முடிவுகள்:

தரக்காரர் விடிகாலையில் யாருக்கும் தெரியாமல் போய்ப் பலகையில் கறுப்பு அடித்துவிடுகிறார். (கட்டிதட்டிய பெயின்ட்டை டர்பன்டைன் ஊற்றிக் கலக்குவதுவரை எழுதினேன். நன்றாகவே வந்தது. ஆனால் அக்கா நிறத்தைப் பார்த்துத் திரும்பிப் போகிற ஆள் இல்லை. "தம்பி பச்சைனு சொன்னான், எனக்கு அது போதும்" என்று பலகையைத் தாண்டிப் போய்விடுவாள்.)

அக்கா பல்லில் அலட்சியமாக இறங்கி, சிரித்துக்கொண்டே அடிவாரம் வந்து சேர்கிறாள். (மருந்துக்கடைக்காரருக்கு இது ரொம்பப் பிடித்தது. வாழ்க்கையில் ஒரு கல்லின் மேலாவது நின்றவர்களுக்குப் பிடிக்காது.)

சராசரி பதவியை அக்காவுக்கே கொடுத்துவிடுகிறார்கள். வருடங்கள் போகப்போக அவளும் விழாமல் ஓட்டக் கற்றுக்கொண்டு, மலை மறுபடியும் இளகுகிறது. (நறுக்கென்று முடிகிறது. அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை.)

அக்கா விழுந்து — எழுத மனம் வரவில்லை.

9

ஆகவே எந்த முடிவும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

அக்கா முழங்காலில் கவசம் கட்டிக்கொண்டு, இரவல் தலைக்கவசத்தின் பட்டையைத் தாடைக்குக் கீழே இழுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். தம்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். "பின்னாடியே வாக்கா, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அடுத்த நிமிடம் அவனைக் காணவில்லை. அக்கா அவன் போன திக்கில் போனாள். தரக்காரர் அவளுக்குப் பின்னால், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். "மெதுவா, மெதுவா" என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். "நீங்க கத்தறதுலதான் பயமா இருக்கு, சும்மா வாங்க" என்றாள் அவள்.

முதல் வளைவை ஒழுங்காகவே கடந்தாள். சரளைக்கல் இறக்கத்தில் சைக்கிள் ஆடியது, ஆனாலும் சமாளித்தாள். தரக்காரருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அப்போது பல் வந்தது.

அக்கா நின்றுவிட்டாள். காலை ஊன்றினாள். முன்சக்கரம் பாறையின் விளிம்பில், பின்சக்கரம் சரிவில், அவள் நடுவில். இரண்டு பிரேக்கையும் பிடித்த கை வெளுத்துப் போயிருந்தது. பின்னால் தள்ள முயன்றாள், சரளை வழுக்கியது. தரக்காரர் பாய்ந்து வந்து சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் ஒருவர் பிடித்து இழுத்தால் சைக்கிள் மேலே வருமே தவிர அவள் வரமாட்டாள். விட்டால் இரண்டும் போகும்.

"நான் பிடிச்சிருக்கேன். இறங்கிடு."

"எந்தப் பக்கம் இறங்கறது? ரெண்டு பக்கமும் இடம் இல்லையே!"

பிறகு அவள் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். (நானும் எதிர்பார்க்கவில்லை. என் கை எழுதிக்கொண்டு போனது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.) ஒரு கையை மெதுவாகப் பிரேக்கிலிருந்து எடுத்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அழுத்தினாள்.

கீழே எங்கோ, மூன்று வளைவு தள்ளி, தம்பியின் போன் அடித்தது.

"என்னக்கா?"

"டேய்... நான் ஒரு கல்லுகிட்ட நிக்கறேன்டா."

மறுபக்கம் அவனுடைய சக்கரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்து, நின்றது.

"எந்தக் கல்லு?"

"பெரிய கல்லு. முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் போக முடியல. கால் நடுங்குதுடா."

"அழறியாக்கா?"

"இல்லடா. மூக்கு ஒழுகுது."

"அங்கேயே நில்லு" என்றான் தம்பி. "அசையாத. நான் வர்றேன். போன வைக்காத."

அவன் சைக்கிளிலிருந்து இறங்கினான். சைக்கிளைப் புதரில் போட்டான். போனைக் காதில் வைத்துக்கொண்டு, தன் காலால், தடத்தின் வழியே மேல்நோக்கி ஓடிவந்தான். மாடியில் துணி காயப்போட்டியா, பூனை வந்துச்சா என்று மூச்சிரைக்கக் கேட்டுக்கொண்டே வந்தான். அக்கா கல்லின் மேல் நின்று, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பூனை குட்டி போட்டிருக்கிறது என்பதை அவனுக்குச் சொல்லக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப் போயிருந்தாள். இப்போது சொன்னாள்.

வளைவைத் திரும்பி வந்தவன் நின்றுவிட்டான். எதிரே மேலே அக்கா. அக்காவுக்குக் கீழே பாறை. பாறைக்குக் கீழே வேர். பக்கத்தில் மரங்களின் உச்சி. அவன் அந்த இடத்தை முதல் தடவையாகப் பார்த்தான்.

"அத்தான்... இது எப்பவும் இங்கதான் இருந்துச்சா?"

"இங்கதான் இருந்துச்சு மச்சான்."

"இதையா நான் பச்சைனு சொன்னேன்?"

சராசரி ஆள் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டான் என்பது தரக்காரருக்குத் தெரிந்தது. விதிப்படி தடம் கறுப்பு, ஏன் இறங்கினான் என்று விதி கேட்கவில்லை. அவருக்கு அழுகை வந்தது. அவரும் மூக்கைத்தான் துடைத்துக்கொண்டார்.

தம்பி வேரின்மேல் ஏறி நின்று இரண்டு கையையும் மேலே நீட்டினான். "அக்கா, சைக்கிள விட்டுட்டு என் கையப் பிடிச்சுக்கோ."

அக்கா அவன் கையைப் பார்த்தாள். கழுத்தில் ஆடிக்கொண்டிருந்த அட்டையைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள்.

"நீ இதுல தினமும் எப்படிடா வர்ற?" என்றாள். அவள் குரலில் ஏதோ இருந்தது. அது பயமா, பெருமையா, எனக்கும் ஒருதடவை சொல்லிக்கொடு என்கிற கேள்வியா என்று மூன்று விதமாகவும் எழுதிப் பார்த்தேன்.

10

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். அவர் ஒருவருக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கொண்டே மொத்தத்தையும் படித்து முடித்தார். ஓரிடத்தில்கூட நெற்றியைச் சொறியவில்லை.

"வழவழன்னு இருக்கு சார்" என்றார். "தடங்கலே இல்ல. எல்லாருக்கும் புரியும்."

சந்தோஷமாக வீட்டுக்கு நடந்து வந்தேன். பாதி வழியில் என் கால் நின்றுவிட்டது. இந்த மனிதர் எத்தனை வருடமாக என்னைப் படிக்கிறார்? என் எழுத்தில் எந்தத் திருப்பத்தில் எந்தக் கல் துருத்தும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? நான் எதை எழுதினாலும் அவர் காலை ஊன்றாமல் வந்துவிடுவார். என் கதைகள் வரவரத் தெளிவாகிக்கொண்டு வருகின்றன என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது, மலை இளகுகிறது என்று மேலாளருக்கு இருந்தது போல.

எனவே இந்தக் கதைக்கு நான் நிறம் அடிக்கவில்லை. பலகையை வெள்ளையாகவே விட்டிருக்கிறேன். டப்பாக்கள் மூன்றும் உங்கள் காலடியில் இருக்கின்றன. கறுப்பைக் கொஞ்சம் கலக்கவேண்டியிருக்கும். இந்தத் தடத்தில் நீங்கள்தான் முதல் தடவையாக வருகிறீர்கள், நீங்கள் காலை ஊன்றிய இடம் எதுவோ அதன் நிறம்தான் நிறம். நடுவில் எங்காவது நிறுத்தி, வெகுநாளாகப் பேசாத யாருக்காவது போன் போடவேண்டும் போல இருந்திருந்தால், அதற்கு என்ன நிறம் என்று உங்களுக்கே தெரியும். போட்டுவிட்டே வாருங்கள், நான் இருக்கிறேன்.

ஆனால் வந்து ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அக்கா இன்னும் கல்லின் மேல்தான் நிற்கிறாள். தம்பி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். தரக்காரர் சீட்டைப் பிடித்திருக்கிறார். கையைப் பிடித்து இறங்குகிறாளா, முன்பிரேக்கை விடுகிறாளா? சீக்கிரம் சொல்லுங்கள், பாவம், ரொம்பநேரமாக நிற்கிறாள், கால் வலிக்கும்.